ஒற்றை ஓடப் பந்தயம்

விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும் ராஜாக்கள் ஆண்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வரையாறு என்ற மலைநாட்டை மகுடசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதே அவருக்கு வேதம்.

மலைகளுக்கு அப்பால் தேனடுக்கம் என்று ஒரு பள்ளத்தாக்கு. தலைநகரத்திலிருந்து அங்கே இரண்டு கம்பெனிகள் விமானம் விட்டன. ஒன்று வல்லூறு, இன்னொன்று சிட்டு. ஒருவன் கட்டணத்தைக் குறைத்தால் மற்றவன் அதைவிடக் குறைப்பான். ஒருவன் சுக்குக் காப்பி கொடுத்தால் மற்றவன் கூடவே முறுக்கும் கொடுப்பான். ஜனங்களுக்குக் கொண்டாட்டம்.

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி அம்பலநாதர் ராஜாவிடம் வந்தார். மந்திரி சொக்கேசர் பெயரைச் சொன்னாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இரண்டு விமானமும் பாதி காலியாகப் பறக்கின்றன. வீண் செலவு. இரண்டு கம்பெனியையும் ஒன்றாக்கி, விமான மைதானத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டால் கட்டணம் பாதியாகிவிடும்."

"வேறு யாராவது பறக்க வந்தால் எங்கே இறங்குவது?" என்று கேட்டார் சொக்கேசர்.

"மந்திரியாருக்கு மாட்டுவண்டிதான் தெரியும். ஆகாய விஷயம் அவருக்கு எதற்கு?" என்றார் அம்பலநாதர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே முத்திரை போட்டார்.

கம்பெனிகள் ஒன்றாயின. கட்டணம் பாதியாகவில்லை, மூன்று மடங்காயிற்று. தினம் வந்த விமானம் மாதம் ஒருமுறை வந்தது. முறுக்கு போனது, காப்பி போனது, கடைசியில் மரியாதையும் போனது.

தேனடுக்கத்தில் செவந்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாரப்பனுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரந்தோறும் தலைநகர ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் உயிர் நிற்கும். தினசரி விமானம் நின்றதும் அவனைக் கோவேறு கழுதையில் உட்காரவைத்து, மலைப்பாதையில் நடந்தே கூட்டிவந்தாள். வந்து சேரும்போது அவன் முகமும் காலும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே மந்திரி வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஐயா, இந்தத் தடவை பொழைச்சுட்டாரு. அடுத்த தடவை வழியிலேயே போயிடுவாரு. ராசாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

சொக்கேசர் அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். பிறகு, "சொன்னால் கேட்கமாட்டார் தாயி. பார்த்தால் கேட்பார். ஆடிப்பெருக்கு வரைக்கும் உன் புருஷன் இங்கேயே ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்" என்றார்.

ஆடிப்பெருக்கு என்றால் ராஜாவுக்கு உயிர். அன்றைக்குத்தான் ஆற்றில் வடகரை ஓடமும் தென்கரை ஓடமும் போட்டி போடும். தங்கக் காப்பைப் பரிசாக வைத்துக்கொண்டு கரையில் ராஜா காத்திருந்தார். முரசு அடித்தது. ஒரே ஓடம் வந்தது.

நடு ஆற்றில் துடுப்பை வைத்துவிட்டு, படகுக்காரர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாப்பிட்டார்கள். ஒருவன் காலை நீட்டிப் படுத்தேவிட்டான்.

"ஏன்டா, துடுப்புப் போடுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

"எதுக்குங்க ராசா அவசரம்? பின்னால யார் வர்றாங்க?" என்று படுத்தவாக்கிலேயே பதில் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஓடம் கரை சேர்ந்தது. வந்ததும் வராததுமாக, "காப்பு ஒண்ணு பத்தாதுங்க, மூணு வேணும்" என்றார்கள்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மந்திரியாரே, இது என்ன கூத்து? இன்னொரு ஓடம் எங்கே?"

"இரண்டு ஓடம் வீண் செலவு என்று ஒன்றாக்கிவிட்டேன் அரசே. துறையையும் இவர்களுக்கே கொடுத்துவிட்டேன். வேறு ஓடம் விட வந்தவர்களுக்கு இறங்க இடமில்லை."

"பந்தயத்தையே கெடுத்துவிட்டீரே!"

"இதில் கெட்டது ஒரு மாலைப் பொழுதுதான் அரசே. தேனடுக்கத்தில் உயிரே போகப் பார்த்தது" என்ற மந்திரி, கூட்டத்திலிருந்து செவந்தியை முன்னால் அழைத்தார்.

அவள் மாரப்பனைக் கூட்டிவந்த கதையைச் சொன்னாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ராஜா தலை குனிந்து கேட்டார்.

அம்பலநாதர் குறுக்கே வந்தார். "தனித்தனியாக இருந்தால் இரண்டு கம்பெனியும் நஷ்டத்தில் மூடியிருக்குமே, மகாராஜா."

"அவர்கள் சேர்ந்ததில் பிழையில்லை. மைதானத்தைப் பூட்டிச் சாவியை அவர்கள் கையில் கொடுத்ததுதான் பிழை. பறக்க வருகிறவன் எவனானாலும் இறங்க இடம் கொடுங்கள் அரசே. மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றார் சொக்கேசர்.

அங்கேயே, அந்த ஆற்றங்கரையிலேயே, மந்திரி கையோடு கொண்டுவந்திருந்த பழைய ஆணையை வாங்கி ராஜா கிழித்தார். தங்கக் காப்பை மந்திரியின் கையில் போட்டார். பிறகு அம்பலநாதரைப் பார்த்து, "இந்தச் சேதியைத் தேனடுக்கத்தில் நீரே போய்ச் சொல்லும்" என்றார்.

"இந்த மாத விமானம் போய்விட்டதே, மகாராஜா."

"கழுதைப் பாதை இருக்கிறது."

அம்பலநாதர் காலெல்லாம் கொப்பளத்தோடு போய்ச் சேர்ந்தார். அவரால்தான் தினசரி விமானம் நின்றது என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தும் காலுக்கு மருந்து தடவி, சூடாகக் கஞ்சி கொடுத்து, பாய் விரித்தார்கள். திரும்பி வந்தவர் மந்திரியிடம் தாமே போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதங்களில் புதிதாக ஒரு சின்னக் கம்பெனி விமானம் விட்டது. அதுவரை மாரப்பன் தலைநகர ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். பெரிய கம்பெனியும் வேறு வழியில்லாமல் கட்டணத்தைக் குறைத்துத் தினமும் பறந்தது. ஒருநாள் செவந்தியும் மாரப்பனும் ஒரு கூடைக் கமலாப்பழத்தோடு அரண்மனைக்கு வந்தார்கள். மாரப்பன் யார் தோளையும் பிடிக்காமல் படியேறி வந்தான்.

"நன்றி சொல்லிட்டுப் போக வந்தோம் ராசா" என்றாள் செவந்தி.

ராஜாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "நான் செய்த தப்பை நானே திருத்தினேன். அதற்கு நன்றி எதற்கு அம்மா?"

"தப்புப் பண்றவங்க ஊர்ல நிறைய பேரு ராசா. திருத்துறவங்களைப் பார்த்தாத்தானே கும்பிடத் தோணுது" என்றாள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.