யார் கை முழம்?

முன்னொரு காலத்தில் பூஞ்சோலைச் சீமையை வீரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பேர்தான் சிங்கம், ஆள் குட்டை. அதை யாராவது வாய்தவறிச் சொன்னால் தலை தப்பாது.

ஒருநாள் ரசத்தில் உப்பு கூடிப்போச்சென்று ராணியோடு சண்டை. "இனி நானே சமைத்து நானே சாப்பிடுவேன், போ!" என்று நந்தவனத்து மண்டபத்துக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார். சபையைக் கூட்டினார்.

"தனி ஆளுக்கு ஒரு சமையற்கட்டு வேண்டும். மணையை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது. மல்லண்ணரே, நீர் ஒன்று கட்டும். வேலாண்டி, நீ ஒன்று கட்டு. எதில் நான் திட்டாமல் சமைக்கிறேனோ, அவருக்கு என் வலப்பக்கத்து ஆசனம். தோற்றவர் சபைக்கு வெளியே!"

மல்லண்ணர் மூத்த மந்திரி, பனைமர உயரம். இருபது வருஷமாக அந்த ஆசனம் அவருடையது. வேலாண்டியோ போன வருஷம்வரை சரக்குத் தோணியில் சமைத்தவன், ஒரு விடுகதையை அவிழ்த்து மந்திரியானவன். மல்லண்ணருக்கு வயிறு பற்றியெரிந்தது. வேலாண்டி சிரித்தால் எரியும், இருமினாலும் எரியும். மனைவி மோர் கொடுத்தால்கூட, "இதுவும் அவன் கடைந்ததா?" என்று சீறினார். பாவம் அந்த அம்மாள்!

கடைசியில் ஆள் வைத்து, வேலாண்டி அளவு குறித்து வைத்திருந்த ஓலையையே திருடிவிட்டார். அதில், "மணைக்கு முன்னால் அடுப்பு ஒரு முழம். இடப்பக்கம் தண்ணீர்ப் பானை, வலப்பக்கம் அஞ்சறைப்பெட்டி, ஒன்றரை முழம்" என்று இருந்தது.

"ப்பூ! இவ்வளவுதானா?" மல்லண்ணர் தன் கையாலேயே முழம் போட்டார். அடுப்புக்குப் பித்தளைத் தகடு, பெட்டிக்கு வெள்ளிப் பூண்!

ராஜா வந்து உட்கார்ந்தார். எண்ணெய் காய்ந்தது. கடுகுக்குக் கை நீட்டினார், எட்டவில்லை. எக்கினார், எட்டவில்லை. எண்ணெய் புகைந்தது. இன்னும் எக்கியவர் குப்புற விழுந்தார், கிரீடம் உருண்டோடியது. சபை மீசைக்குள் சிரித்தது.

"எந்த மடையன் கட்டினான் இதை?"

மல்லண்ணர் பதறினார். "என் தப்பில்லை மகாராஜா! ஓலையில் ஒன்றரை முழம்தானே இருந்தது!"

"எந்த ஓலை?"

மல்லண்ணர் உருண்ட கிரீடத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"என் ஓலைதான் மகாராஜா," என்றான் வேலாண்டி. "நாலு நாளாய்க் காணோம்."

அவன் கட்டியது வெறும் மண் அடுப்பு. ராஜா உட்கார்ந்தார். கடுகு, உப்பு, தண்ணீர் எல்லாம் கைக்கு வந்தன. தாளிப்பு கமகமத்தது.

"அதே ஒன்றரை முழம்தானே? எப்படியடா?"

"அரண்மனைத் தையல்காரரிடம் தங்கள் கை அளவை வாங்கினேன் மகாராஜா. சமைக்கப்போவது தாங்கள். அடுத்தவர் கை முழம் எதற்கு?"

குட்டை என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை, பாருங்கள்! ராஜா குளிர்ந்துபோய் ஆசனத்தைக் கொடுத்துவிட்டார்.

"மல்லண்ணரே, திருடினீர், அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. உமக்கு முழம் பெரிசு. போய்க் கோயில் வாசலில் பூ அளந்து விற்றுப் பிழையும்!"

தலைகுனிந்து போனார். மறுநாள் காலையில் ஊர்ப்பெண்கள் அத்தனை பேரும் அவர் கூடையைச் சுற்றி நின்றார்கள். "சாமி, உங்க கையால ஒரு முழம் குடுங்க!" பக்கத்துப் பூக்காரிகள் ஈ ஓட்டிக்கொண்டு, "நெட்டைக்கு வந்த வாழ்வைப் பாரடி! இவன் கை விளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.

மல்லண்ணர் காதில் அது விழுந்தது. "அடடே, என்னைப் பார்த்தும் வயிறெரிகிறார்களா!" என்று அடுத்த முழத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே அளந்தார்.