தகரச் சுருள்

மடிப்புக் கேமரா சேர்க்கிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கேமரா கிடைத்தால் மட்டும் போதாது. உள்ளே பிலிம் சுற்றும் அந்தக் காலத்துத் தகரச் சுருளும் இருந்துவிட்டால் தலைகால் புரியாது. வில்வநாதனுக்கும் புரியவில்லை. பாளையங்கோட்டையில் ஜெபமணி என்ற அம்மாளிடம் வாங்கிவந்த கேமராவை மொட்டைமாடியில், உச்சிவெயிலில் திறந்தார். சுருளைக் கண்ட சந்தோஷத்தில், அதில் சுற்றியிருந்த பிலிமை ரிப்பன்போல உருவிப் போட்டார். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள படம் அழிந்துவிடும் என்ற நினைப்பே இல்லை.

மறுநாள் ஜெபமணி போன் செய்தார்.

"அய்யா, சொல்ல மறந்துட்டேன். அதுக்குள்ள பிலிம் கெடக்கு. எங்க வீட்டுக்காரர் எடுத்தது. செத்துப்போன எம் மவ அதுல மட்டுந்தான் இருக்கா. கழுவித் தருவியளா?"

"பாக்கேம்மா" என்றார்.

பிலிமைப் பொறுக்கிக்கொண்டு, பிலிம் கழுவித் தரும் செண்பகவல்லியிடம் ஓடினார். அவள் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் பழைய கேமராக்களைத் திறக்கவும் மூடவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இருட்டறைக்குள் போனவள் அரைமணி கழித்து வந்தாள். பிலிம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்."

அறுபது வயது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தடுக்கவில்லை.

"பழைய பிலிம், தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரட்டுமா டீச்சர்? நம்பிருவாவ."

"நம்புவாவ. அப்பவே கழுவாம விட்டது தன் தப்புன்னு, சாகுற வரைக்கும் அழுவாவ."

வில்வநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைத் திருப்பிக் குடுத்திருதேன். உள்ளதையும் சொல்லிருதேன். மன்னிப்பாவளா?"

செண்பகவல்லி கேமராவைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"தெரியாது டீச்சர்."

"அவ்வோ சொல்லலியா?"

"கேமராவைக் குடுக்கும்போதே சொன்னாவ. பிள்ளையப் பத்தி ரொம்ப நேரம் சொன்னாவ." அவர் தலை குனிந்தது. "நான் கேமராவோட மடிப்புத் துருத்தியில ஓட்டை இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் கேமராவை மடித்து மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"போங்க சார். உள்ளதைச் சொல்லுங்க. மன்னிப்புக் கேக்காதீங்க. பேரைக் கேளுங்க."