வடக்குச் சுவரை இடிக்கலாமா?

"மணியத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க சாமி. என்னால முடியல."

தையல்நாயகி சாவிக்கொத்தைக் குருவின் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள்.

மடத்தின் நிர்வாகத்தை அவளிடம் ஒப்படைத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"என்ன குறை?" என்றார் குரு.

"மெதுவாச் சொன்னா யார் காதுலயும் விழறதில்லை. சத்தமாச் சொன்னா, 'அம்மாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லை போல'ங்கறாங்க. எனக்கு முன்னாடி மணியம் பார்த்த நாகலிங்கம் தட்டைத் தூக்கி எறிவார். அவரைக் கண்டிப்பானவர்னாங்க."

குரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வடக்குச் சுவர் வயிறு தள்ளி நிக்குது. மூணு நாளா இடிக்கச் சொல்றேன். மத்தியானம் அதுக்குக் கீழதான் பந்தி. அறுபது பேர் உட்காருவாங்க."

"இடிக்க மாட்டோம்னா சொல்றாங்க?"

"சொன்னாத் தேவலையே. 'சரிம்மா'ன்னு தலையாட்டிட்டு நேரா உங்ககிட்ட வர்றாங்க."

"நான் ஒருநாளும் உன் பேச்சைத் தட்டினதில்லையே. 'அம்மா சொன்னபடி செய்ங்க'ன்னுதானே அனுப்பறேன்?"

"அதுதான் சாமி தொல்லை."

குருவுக்கு விளங்கவில்லை. ஊருக்கே விளங்கவைத்தவர்தான்.

"நேத்து வரைக்கும் மூணு நாள் நீங்க மௌன விரதம். மூணு நாளும் ஒருத்தரும் கடப்பாரையைத் தொடல."

அப்போது சோலையப்பன் வந்தான். தோளில் கடப்பாரை. தையல்நாயகி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவளைத் தாண்டி அவன் குருவைப் பார்த்தான்.

"சாமி, வடக்குச் சுவரை அம்மா இடிக்கச் சொல்றாங்க. இடிச்சுடலாங்களா?"

'இடி' என்று சொல்லக் குரு வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சோலையப்பன் காத்திருந்தான். அவனுக்கென்ன, சாயங்காலம் வரை காத்திருப்பான். அங்கே பந்திக்கு இலை போடத் தொடங்கிவிட்டார்கள்.

குரு எழுந்தார். அவன் தோளிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார்.

சாமியே இடிக்கப் போகிறாராம் என்று மடமே திரண்டுவிட்டது. இலை போட்டவர்கள் இலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

சுவரடியில் நின்று குரு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கே ஆரம்பிக்கட்டும் அம்மா?"

"ஆகா" என்றது கூட்டம். அவளை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் மேல்தான்.

தையல்நாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"கடப்பாரையைச் சோலையப்பன்கிட்டக் கொடுங்க. கொடுத்துட்டு, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி."

குரு கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார்.

பிறகு கொடுத்தார். தள்ளி நின்றார்.