எழும்பாத அறுபது மாடி

ஆபத்சகாயம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. குரு அவரைவிட இளையவர்.

பட்டணத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைகிற வேலை பார்த்தவர் ஆபத்சகாயம். நாலு மாடி வீட்டையே ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. அவர் அறுபது மாடிக் கட்டடங்களை வரைந்தார். உச்சியில் ஆகாயக் கப்பல் வந்து நிற்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மேகத்துக்குள் பாலம் போகும். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். யாரும் கட்டவில்லை.

மனைவி தையல்நாயகி இறந்த பிறகு, படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் குருவிடம் கேட்டார்.

"சாமி, ஆயுசு முழுக்க வரைந்தேன். ஒன்றுகூட எழும்பவில்லை. எல்லாம் வீண்தானா?"

"உங்களுக்கு ரொம்பப் பிடித்த படத்தைக் காட்டுங்கள்."

விரித்தார். கடலோரத்தில் ஒற்றைக் கட்டடம். தாள் முழுக்கக் கரியால் தீட்டி, ஜன்னல்களை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார். குரு வெகுநேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது. காலையில் இதன் நிழல் எங்கே விழும்?"

"மேற்கே, சாமி. மண்ணடித் தெருக்கள் மேல்."

"அங்கே ஒன்றும் வரையவில்லையே."

"எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். கட்டடம் எடுப்பாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீடும் அங்கேதான் இருந்தது."

"அதை வரைந்து கொண்டுவாருங்கள்."

ஆபத்சகாயம் ஒரு வெற்றுத் தாளோடு போனார். சாப்பாட்டுக்கு மணி அடித்தும் வரவில்லை. மறுநாள்தான் வந்தார். தாளில் ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

"அந்த அறுபதாவது மாடியில் ஜன்னல் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தையல்நாயகி முகம் வரமாட்டேன் என்கிறது" என்றார். "நெஞ்சு நோவு அவளுக்கு. காலை வெயிலில் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். கடைசி வருஷம் முழுக்க இந்த ஜன்னலோரம்தான். கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்களேன் என்பாள். இந்தப் படம் முடியட்டும் என்பேன்."

குரு இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தார்.

"இதைக் கட்டியிருந்தால்?"

ஆபத்சகாயம் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அவளுக்கு வெயில் வந்திருக்காது, சாமி."

"கட்டவில்லை" என்றார் குரு. "அந்த அம்மாவுக்குக் கடைசிவரை வெயிலாவது பக்கத்தில் இருந்தது."