இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அருணகிரி. ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் சர்க்கரை அளவைக் கவனிக்கத் தொடங்குவார்கள். இவர் பிரேசில் பாட்டைக் கவனிக்கத் தொடங்கினார். மாலுமிகள் எந்தக் காலத்திலோ விட்டுப்போன ரெக்கார்டுகளைப் பழைய சாமான் கடைகளில் துழாவி வாங்கினார். எல்லாம் எழுபதுகளில் வந்தவை. சாம்பா தாளம், ஜாஸ் பியானோ, ஃபங்க் கிட்டார் மூன்றும் ஒன்றாகக் கலந்தவை. பாடுகிற போர்த்துக்கீசிய மொழியில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

தாளம் பழகுவதற்கு அவர் போய்ச் சேர்ந்தது ஜெசிந்தா கொரைராவிடம். ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாண வீடுகளிலும் மாதா கோயில் திருவிழாவிலும் டிரம்ஸ் வாசிப்பவள். அறுபத்தொரு வயதுச் சீடர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவளுடைய பாடம் ஒன்றே ஒன்றுதான். ரெக்கார்டு ஓடும்போது மேசையில் தட்ட வேண்டும். முதல் அடிக்கு உள்ளங்கை, அடுத்த மூன்று அடிக்கும் விரல். பேசக் கூடாது. அருணகிரிக்கு அந்தக் கடைசி விதிதான் பெரிய தண்டனை.

அன்று அவர் இரண்டு ரெக்கார்டுகளோடு ஜெசிந்தா வீட்டு மாடியேறி வந்தார். இரண்டுக்கும் ஒரே அட்டைப்படம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒரே ரெக்கார்டை ரெண்டு வாங்கிட்டீயளா?"

"மானம் போச்சு, டீச்சர்."

விஷயம் இதுதான். அந்த ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பாட்டில் ஓர் இடம். நாலு அடி வர வேண்டிய சுற்று ஒரே அடியோடு நிற்கும். பாட்டு சட்டென்று அடுத்த சுற்றுக்குப் பாயும். பாடகியும் ஒரு வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவாள். அருணகிரி அந்த ஒரு பாய்ச்சலைப் பற்றி ஒரு சிற்றிதழில் ஆறு பக்கம் எழுதியிருந்தார். ஐம்பது வருடமாக உலகம் கவனிக்காத மேதைமை என்று தலைப்பே வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டுச் சென்னையில் ஓர் இசை வட்டத்தார் அழைத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் முன்னால் அந்தப் பாட்டைப் போட்டு அவர் பேச வேண்டும்.

நேற்று கொச்சியிலிருந்து ஒரு வாசகர் அதே ரெக்கார்டின் இன்னொரு பிரதியை அன்போடு அனுப்பியிருந்தார். அதில் பாட்டு எங்கேயும் பாயவில்லை.

"லென்ஸ் வச்சுப் பாத்தேன். என்னோடதுல மயிரிழை கணக்கா ஒரு கீறல். ஊசி அங்க வந்ததும் பக்கத்துக் கோட்டுக்குத் தாவிருது. ஆறு பக்கம் நான் புகழ்ந்தது அந்தக் கீறலை, டீச்சர்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"போன திருவிழாவுல நீங்களும் அந்தப் பாய்ச்சலை வாசிச்சீயளே" என்றார்.

"வாசிச்சேன். நல்லாத்தான இருந்துச்சு?"

"இப்ப கீறல்னு தெரிஞ்சு போச்சே."

"இந்த வருஷமும் வாசிப்பேன்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்கென்ன டீச்சர். ஞாயித்துக்கிழமை நான் எதைக் கொண்டு போக? கீறலைப் போட்டா அது பொய். நல்லதைப் போட்டா நாப்பது பேரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. பேசாம போகாமலே இருந்திரலாமான்னு இருக்கு. இந்த வயசுல எனக்குன்னு கிடைச்ச பேரு இது ஒண்ணுதான்."

இரண்டு ரெக்கார்டையும் மேசைமேல் வைத்தார்.

அவள் கொச்சியிலிருந்து வந்த ரெக்கார்டை வைத்தாள். மூன்றாம் பாட்டில் ஊசியை இறக்கினாள்.

"தட்டுங்க."

தட்டினார். அந்த இடம் வந்தது. விரல் விழ வேண்டிய அடியில் உள்ளங்கை பொத்தென்று விழுந்தது. அதற்குப் பிறகு பாட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"அந்த மூணு அடியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எந்த மூணு?"

"உங்க ரெக்கார்டுல இல்லாத மூணு."

"கவனிக்கலையே. கை முந்திக்கிச்சு."

மறுபடியும் போட்டாள். மறுபடியும் முந்தியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். அப்போதும் அதேதான். இரண்டு வருடப் பழக்கம். கை அவர் சொல்லைக் கேட்பதாக இல்லை.

ஜெசிந்தா கீறல் விழுந்த ரெக்கார்டை உறையிலிருந்து உருவி அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் ரெக்கார்டுக்காரர்களின் வழக்கப்படி, விரல் படாமல், இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பை அணைத்துப் பிடித்துக்கொண்டார். இனி தட்டுவதற்குக் கை இல்லை. அவள் நாலாவது தடவை ஊசியை இறக்கினாள்.

அந்த இடம் வந்தது. பாடகி அந்த வார்த்தையை முழுதாகப் பாடினாள். கிட்டாரில் ஒரு சுரம் தப்பாக விழுந்தது. உடனே பாடகிக்குப் பின்னால், மைக்கிலிருந்து தள்ளி, ஒரு ஆள் சிரித்தான். சின்னச் சிரிப்பு. அது அடங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது.

பாட்டு முடியும்வரை அருணகிரி அசையவில்லை.

"கிட்டார்க்காரர் தப்பா வாசிக்கார், டீச்சர். யாரோ அதைக் கேட்டுச் சிரிக்கார்."

"அப்படியா?"

"அதை அழிக்காம அப்படியே விட்டிருக்காங்க."

அவள் ஊசியைத் தூக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை நாப்பது பேரும்..." என்று அவர் மறுபடி தொடங்கினார். "சிரிப்பாங்களே."

"அந்த மனுசன் அம்பது வருசமா ஒத்தையில சிரிச்சிட்டிருக்கார், அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "துணைக்கு நாப்பது பேர் வரட்டுமே."