மடித்து வைத்த படுக்கை

அந்தச் சிறையில் ஒரு குரு இருந்தார் என்று சொன்னால் வார்டர்களே சிரிப்பார்கள். அவர்களுக்கு அவர் வெறும் சவரிமுத்து. ஆயுள் தண்டனைக் கைதி, ஒரு காலத்தில் பட்டாளத்தில் நாயக், சட்டையில் எப்போதும் ஒரு பட்டன் இல்லாத ஆள்.

பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, ஏதோ ஒரு நாளில் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் எல்லாச் சிறைகளிலும் உண்டு. அந்தச் சிறைக்கு அப்படி ஒருவர் வந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் பட்டாளத்துக்காரர் ஒருவரின் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுப்பார்கள். பேச்சுத் துணைக்கு என்று சொல்வார்கள். அலுவலகத்துக்கு அதில் காசு செலவில்லை. அதனால் அந்தத் திட்டம் நின்றுபோகாமல் நடந்தது.

கோதண்டம் வந்தபோது அவருக்கும் சவரிமுத்துவின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வரப்புத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றவர். பட்டாளத்தில் ஹவில்தார், சவரிமுத்துவைவிட ஒரு படி மேல்.

"நீ என்ன ரேங்க்?"

"நாயக்."

"நான் ஹவில்தார். எழுந்திரு."

சவரிமுத்து எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றார்.

"உட்காருன்னு சொன்னீங்கன்னா உட்கார்ந்துக்குவேன். முட்டி வலிக்குது."

கோதண்டம் அவருடைய படுக்கையைப் பார்த்தார். போர்வை சுருண்டு கிடந்தது. தலைமாட்டில் ஒரு துண்டு, சோப்பு போட்டு அலசாமலே கிடந்தது.

"பட்டாளத்துக்காரன் படுக்கையா இது?"

"இல்லீங்க. ஜெயில்காரன் படுக்கை."

கோதண்டம் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சவரிமுத்து அவருக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. தரையில் கரியால் கோடு போட்டு, ஆடுபுலி ஆட்டம் ஆடக் கூப்பிட்டார். ஆட்டம் சூடு பிடித்து, கோதண்டம் புலியை மடக்கப் போகும் நேரம் பார்த்துக் காய்களைத் துணியால் மூடிவிடுவார்.

"மிச்சம் நாளைக்கு."

"இன்னும் மணியடிக்கலையே!"

"நாளைக்குப் பார்த்துக்கலாம், ஹவில்தார்."

கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்கப் பயந்தவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படுப்பார். காலையில் எழுந்ததும் அந்தப் புலியைத்தான் நினைப்பார். அந்தக் கோபத்திலேயே மாதங்கள் ஓடின. தான் எப்போது ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தோம் என்று அவருக்கே தெரியாது. 'நீ' போய் 'நீங்க' வந்ததும் அப்படித்தான்.

ஒருநாள் அவரே கேட்டார்.

"நீங்க செய்யற வேலையை எனக்கும் சொல்லிக் கொடுங்க. புதுசா எவனாச்சும் வந்தா நானும் பார்த்துக்கறேன்."

"பட்டன் தைக்கத் தெரியுமா?"

"அது தெரியாம பட்டாளத்துல இருக்க முடியுமா? சட்டையைக் கழட்டுங்க."

சவரிமுத்து சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு வேண்டாம்" என்றார். ஆளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று கோதண்டம் முடிவு செய்தார்.

தணிகாசலம் வந்தது மார்கழிக் குளிரில். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன், கோதண்டத்துக்குத் தம்பி வயது. குடித்துவிட்டு அப்பாவைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அப்பா விழுந்த இடத்தில் அம்மிக்கல் இருந்தது. சிறையில் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும் நாளுக்கு மனு நாள் என்று பெயர். ஒவ்வொரு மனு நாளிலும் அவன் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அம்மா வரவில்லை. எப்படி வருவாள்?

சவரிமுத்து அவனிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். உன் லாரி ஓடின மலைப்பாதையைத் தரையில வரைஞ்சு காட்டேன் என்பார். பாதி வரைந்ததும் கண் வலிக்குது, மிச்சம் நாளைக்கு என்பார். அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுநாளும் வரைவான்.

கண் வலி பொய்யில்லை. கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்காக அவரை வெளியே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது. கிளம்பும்போது கோதண்டத்தைக் கூப்பிட்டார்.

"பையனைப் பார்த்துக்கங்க, ஹவில்தார்."

"அவன்கிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. ஏதாச்சும் கேளுங்க."

"என்ன கேக்கறது?"

"எதையாச்சும். அவன் மறுநாள் தர்ற மாதிரி."

வேன் புறப்பட்டுப் போனது. கோதண்டம் யோசித்துப் பார்த்தார். ஒரு ஹவில்தார் போய் ஒரு சிப்பாயிடம் கேட்டு நிற்பதா? அவர் காலத்தில் ஹவில்தார் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். மறுநாள் காலை தணிகாசலத்தின் போர்வையைக் காலால் தட்டினார்.

"எழுந்திரு. சவரம் பண்ணு. படுக்கையை மடி. பட்டாளத்துல மடிச்ச மாதிரி."

அவன் எழுந்தான். முதலில் ஏனோதானோவென்று செய்தான். பிறகு ஒருநாள் சொல்லாமலே செய்தான். அதற்கு மேல் கோதண்டம் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. போர்வை செங்கல் மாதிரி மூலை பிசகாமல் மடிந்தது. துணிமணிகளைத் துவைத்துப் பையில் அடுக்கி, பையின் வாயைக் கட்டி, மேலே தன் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தான். யாரோ ஒருவனிடம் வாங்கியிருந்த பீடிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தான். சண்டை போட்டிருந்த சமையல்கட்டு ஆளிடம் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தான். தரையில் இருந்த மலைப்பாதையை ஒரே மூச்சில் வரைந்து முடித்தான்.

"சபாஷ்" என்றார் கோதண்டம்.

பேச்சுத் துணைத் திட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். அதிகாரி அவர்களை நேராகத் தணிகாசலத்தின் படுக்கைக்குத்தான் அழைத்துப் போனார். வந்தபோது எப்படி இருந்தவன், இப்போது பாருங்கள் என்றார். படுக்கையைப் படம் எடுத்தார்கள். கோதண்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆடுபுலி ஆட்டம் ஆடி மாதக்கணக்கில் இழுப்பதை நான் எவ்வளவு சீக்கிரம் முடித்தேன் என்று நினைத்தார்.

சில நாள் கழித்து, காலையில், தணிகாசலம் தன் பட்டாளத்து ஜெர்சியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான்.

"குளிருக்குப் போட்டுக்கங்க, சார்."

"உனக்கு?"

"எனக்கு வேண்டாம், சார். நீங்க என்னை மனுஷனாக்கிட்டீங்க."

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே மாட்டிக்கொண்டார். சரியாகப் பொருந்தியது.

ஆபரேஷன் தேதி பல முறை தள்ளிப்போய், அன்று மத்தியானம்தான் சவரிமுத்து திரும்பி வந்தார். ஒரு கண்ணின் மேல் பச்சைத் துணி தொங்கியது. மற்றக் கண்ணால் கோதண்டத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜெர்சி யாரோடது?"

"தணிகாசலம் கொடுத்தான். அவனைப் பார்த்தா உங்களுக்கு அடையாளமே தெரியாது. படுக்கையை மடிக்கிற அழகு என்ன, பையைக் கட்டிப் பேரெழுதி..."

"எங்க அவன்?"

"தறிக் கொட்டாயில இருப்பான்."

சவரிமுத்து ஓடினார். முட்டி வலிக்காரர், ஒரு கண் தெரியாதவர், கைதிகள் ஓடக்கூடாத இடத்தில் ஓடினார். ஒரு வார்டர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். கோதண்டம் ஒன்றும் புரியாமல் பின்தொடர்ந்தார்.

தறிக் கொட்டகையை அவர்கள் எட்டும் முன்பே உள்ளே விசில் சத்தம் கேட்டுவிட்டது. விசில் நிற்கவே இல்லை. யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு போர்வை போர்த்தி அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலின் அளவைப் பார்த்துக் கோதண்டம் அடையாளம் தெரிந்துகொண்டார்.

சவரிமுத்து வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கோதண்டம் கேட்டார்.

"அவன் இப்படிப் பண்ணிக்குவான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மேல மலையில, ரோந்துக்குப் போறதுக்கு முந்தி நீங்க என்ன பண்ணுவீங்க, ஹவில்தார்?"

கோதண்டத்துக்குத் தெரியாததா? திரும்பி வருவது நிச்சயமில்லாத ரோந்துக்குப் போகும்போது ஒவ்வொருவனும் சவரம் செய்துகொள்வான். படுக்கையை மடிப்பான். பெட்டியைக் கட்டிப் பெயரும் ஊரும் எழுதி வைப்பான். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பான், கோபத்தில் இருப்பவனோடு சமாதானம் ஆவான். தான் வராமல் போனால் பெட்டியை ஊருக்கு அனுப்புகிறவனுக்குச் சிரமம் இருக்கக்கூடாது. அவரே எத்தனையோ முறை அப்படிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றவர்கள் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று சோதித்துச் சபாஷ் சொல்வதும் ஹவில்தாரின் வேலைதான். இங்கேயும் அதைத்தான் செய்திருந்தார்.

அவருக்குத் தாங்கவில்லை. துக்கம் கோபமாக மாறியது.

"இதை அன்னைக்கே தெளிவாச் சொல்லியிருக்கக் கூடாதா? கேளுங்க, மறுநாள் தர்ற மாதிரின்னு புதிர் போட்டுட்டுப் போனீங்களே! என்ன பெரிய குரு நீங்க?"

"தெளிவாச் சொல்லியிருந்தா அதையும் டிரில் ஆக்கியிருப்பீங்க."

சொல்லிவிட்டுச் சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சைத் துணியும் நனைந்திருந்தது.

"ஆனாலும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

தணிகாசலத்தின் அம்மா வந்தாள். எந்த மனு நாளிலும் வராதவள், அன்று வந்தாள். பை தயாராகக் கட்டியிருந்தது, பெயரும் ஊரும் மேலேயே இருந்தன. எடுத்துக் கையில் கொடுத்ததோடு அலுவலகத்தின் வேலை முடிந்தது. ஜெர்சியையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கோதண்டம் கெஞ்சிப் பார்த்தார். ஒப்படைத்தாகிவிட்டது, இனிமேல் எதையும் சேர்க்க முடியாது என்று வார்டர் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்த படம் மட்டும் அலுவலகச் சுவரில் அப்படியே தொங்கியது. யாருக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை.

அதன்பிறகு கோதண்டம் யாரோடும் பேசவில்லை. சவரிமுத்து தரையில் கோடு போட்டுக் காத்திருப்பார், அவர் வரமாட்டார். காய்கள் துணிக்கு அடியிலேயே கிடந்தன.

ஒருநாள் காலையில் கோதண்டம் சீக்கிரம் எழுந்தார். சவரம் செய்துகொண்டார். போர்வையை மூலை பிசகாமல் மடித்தார். ஜெர்சியைத் துவைத்துக் காயவைத்திருந்தார், அதை மடித்து மேலே வைத்தார். பையின் வாயைக் கட்டினார். பிறகு தன் சோப்பை எடுத்துக்கொண்டு வந்து சவரிமுத்துவிடம் நீட்டினார்.

"வச்சுக்கங்க. புதுசு. உங்களைத் திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க."

சவரிமுத்து சோப்பை வாங்கவில்லை. எழுந்து போய் அந்தப் படுக்கையைக் காலால் ஓங்கி எத்தினார். போர்வை அவிழ்ந்து தரையெல்லாம் பரவியது. பையைத் தூக்கித் தலைகீழாக உதறினார். வேட்டியும் துண்டும் பல்பொடியும் சிதறின.

"நாயக்!" என்று கத்தினார் கோதண்டம். அந்தக் குரல் வெகுநாளாகக் காணாமல் போயிருந்த குரல்.

சவரிமுத்து தன் சட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தார்.

"பட்டன் போயிடுச்சு. எனக்குக் கண்ணு சரியில்லை. நீங்கதான் தெச்சுத் தரணும்."

கோதண்டம் சட்டையைப் பார்த்தார். பட்டன் இல்லாத இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். எப்போதும் அந்த இடம்தான், எப்போதும் அந்த ஒரு பட்டன்தான்.

"ஊசி நூல் கொடுங்க. இப்பவே தெச்சுத் தந்துடறேன்."

"இப்ப வேண்டாம், ஹவில்தார். நாளைக்குக் கொடுங்க."