கட்டைவிரல் காட்டிய குரங்கு

கடலை ஒட்டிய ஒரு காட்டில் சடுதி என்றொரு குரங்கு இருந்தது. பெயருக்கேற்ற குரங்குதான், குழந்தைகளே! பழம் பழுக்கும் முன்பே பறித்துவிடும். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடும். பதில் சரியா தப்பா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை.

அந்தக் கடலுக்கு அடியில் ஆண்டுக்கு ஒருநாள் மீன்களின் தேர்த் திருவிழா நடக்கும். சங்குகள் ஊத, நண்டுகள் வடம் பிடிக்க, பவளத் தேர் அசைந்து அசைந்து வருமாம். காட்டு விலங்குகள் அதைக் காதால் கேட்டதுண்டு. கண்ணால் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு ஆழி என்ற நீர்நாய் ஓர் ஏற்பாடு செய்தது.

"முதுகில் காற்று நிரப்பிய சுரைக்குடுக்கை, வாயில் நாணல் குழாய், இடுப்பில் கல். இவை இருந்தால் நீங்களும் தேர் பார்க்கலாம். ஆனால் என்னிடம் பயிற்சி எடுக்காத யாரையும் தண்ணீரில் இறக்க மாட்டேன்!" என்றது.

பயிற்சிக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒன்று சடுதி. மற்றொன்று, தன் நிழலைக் கண்டே துள்ளி ஓடும் முயல்.

சடுதி அதற்குள் தன் கூட்டத்தாரிடம் மார்தட்டிவிட்டது. "தேரை நேரில் பார்த்துவந்து, அதில் தொங்கும் மணிகூட விடாமல் உங்களுக்குச் சொல்கிறேன்!" குரங்குகளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த காட்டுக்கும் சொல்லி அனுப்பி உறவினரை எல்லாம் வரவழைத்துவிட்டன.

முழங்கால் அளவுத் தண்ணீரில் பயிற்சி தொடங்கியது. முயல் கேட்டது: "அக்கா, குழாய் வாயிலிருந்து நழுவினால்?"

"பதறாதே. இப்படித் துழாவி எடு."

"காது வலித்தால்?"

"மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊது. வலி போகாவிட்டால் கொஞ்சம் மேலே வா."

"உள்ளே எப்படிப் பேசுவது?"

"கையால்தான். ஒவ்வொரு சைகையாகக் காட்டுகிறேன், பார்."

சடுதி எங்கே என்கிறீர்களா? பனைமரத்து உச்சியில் நுங்கு தின்றுகொண்டிருந்தது!

"சடுதி, புரிந்ததா?" என்று ஆழி கீழிருந்து கத்தியது.

"எப்போதோ புரிந்துவிட்டது!" என்று மேலிருந்து பதில் வந்தது.

திருவிழா நாள் வந்தது. இருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனைகளைக் கரையில் நின்ற யானையிடம் கொடுத்தார்கள். சொன்ன வேலையை மட்டும் சொன்னபடி செய்யும் யானை அது.

"ஆழி கயிற்றைச் சுண்டினால் இழுப்பேன். மெதுவாக இழுப்பேன். ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்" என்றது யானை.

மூவரும் இறங்கினார்கள். அடடா! நீலமும் மஞ்சளுமாக மீன்கள், விசிறி விசிறியாகப் பாசி, தூரத்தில் சங்கொலி. ஆழி சடுதியைப் பார்த்து, "எப்படி இருக்கிறது?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தியது.

சடுதி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டியது. பிரமாதம்!

ஆழி உடனே சடுதியின் கயிற்றைச் சுண்டியது. யானை இழுத்தது. கையைக் காலை உதைத்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக, சடுதி மேலே போய்ச் சேர்ந்தது.

முயலை ஒரு திருக்கை மீனின் துணையில் விட்டுவிட்டு ஆழியும் மேலே வந்தது.

"என்னை ஏன் தூக்கினாய்?" என்று சடுதி கத்தியது.

"நீதானே கட்டைவிரலைக் காட்டினாய்? மேலே போக வேண்டும் என்றால்தான் அதைக் காட்டுவார்கள். நன்றாக இருக்கிறது என்றால் விரலை வளையமாக்க வேண்டும். உனக்குச் சைகை எல்லாம் தெரியும்தானே?"

தெரியாது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கரையில் கூட்டத்தார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே, எப்படிச் சொல்லும்?

"தெரியும், தெரியும்! கை தவறிவிட்டது. சீக்கிரம் வா, தேர் போய்விடும்!" என்று மீண்டும் முங்கியது.

இந்த முறை இன்னும் ஆழம். தேரின் உச்சி லேசாகத் தெரிந்தது. அப்போது பார்த்து சடுதிக்குக் காது விண்விண் என்று வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதத் தெரியவில்லை. நன்றாக இல்லை என்று சொல்ல நினைத்து, கட்டைவிரலைக் கீழே திருப்பிக் காட்டியது.

'இன்னும் கீழே போக வேண்டுமாம்! ஆசையைப் பார்' என்று எண்ணிய ஆழி, கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனது.

வலி கூடியது. சடுதி விரலைக் கீழே கீழே என்று குத்திக் குத்திக் காட்டியது. ஆழியும் அழைத்துப் போனது. பாவம், குரங்குக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உயிர் பிழைத்தால் போதும் என்றாகிவிட்டது. பயத்தில் வாய் திறந்து, குழாயும் நழுவியது.

அந்த முகத்தைப் பார்த்ததும் ஆழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டென்று குழாயைப் பிடித்து சடுதியின் வாயில் வைத்தது, கயிற்றைச் சுண்டியது. சடுதி மூச்சு வாங்கியபடி மேலே வந்து, மணலில் தொப்பென்று விழுந்தது.

"தேர் எப்படி இருந்தது? மணிகள் எத்தனை?" என்று குரங்குகள் சூழ்ந்துகொண்டன.

சடுதி காதைத் தேய்த்தது. பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. பிறகு அசடு வழியச் சிரித்தது.

"தேரைப் பார்க்கவில்லை. நான் பாடமே கேட்கவில்லை, நுங்கு தின்றுகொண்டிருந்தேன்."

கரையே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். சடுதியும் விழுந்து விழுந்து சிரித்தது.

சற்று நேரத்தில் முயல் கரையேறியது. அதன் கண்கள் மின்னின. "நானே வடம் பிடித்தேன்! நண்டுகள் எனக்கு இடம் விட்டன!" என்று குதித்தது. குரங்குகள் முயலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடின. சடுதிதான் எல்லாரையும்விட முன்னால் நின்று, வாய் பிளந்து கதை கேட்டது.

கதை முடிந்ததும் ஆழியிடம் ஓடியது. "அடுத்த பயிற்சி எப்போது?"

"அலை அடங்கட்டும். நாளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்."

"நாளைக்கா!" என்ற சடுதி மணலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தது. "அதுவரை தாங்காது. சைகைகளை இப்போதே, இங்கேயே சொல்லிக்கொடு!"

நீதி: ஆழம் காண ஆசைப்படுமுன், அங்கே போய்த் திரும்பும் வழியை முறையாகக் கற்றுக்கொள்.